சிறு வீடும் வரிப்படியும்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதிய பாடக் கட்டுரை)

வரி கொடாமல் ஊர் நடவாது. தெருவிளக்கு எரிவதும், சாக்கடை ஓடுவதும், குப்பை அகல்வதும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் திறந்திருப்பதும் ஜனங்கள் செலுத்தும் வரியைக் கொண்டேயாம். ஆதலால் வரி வேண்டுமா வேண்டாமா என்பது நம் முன் உள்ள கேள்வியன்று. எவரிடம் எவ்வளவு வாங்குவது, எந்த அளவுகோலைக் கொண்டு வாங்குவது என்பதே கேள்வி. இப்பாடத்தில் அக்கேள்வியைச் சென்னை மாநகரின் சிறு வீடுகளை வைத்து ஆராய்வோம்.

பட்டணத்து வரியைப் பற்றிக் கிராமத்துச் சங்கத்தில் ஏன் பேச வேண்டும் என்று அங்கத்தினர் சிலர் வினவலாம். அதற்கு விடை இரண்டு. முதலாவது, கிராமம் என்றும் கிராமமாகவே இருந்துவிடுவதில்லை. 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்தபொழுது 42 ஸ்தல ஸ்தாபனங்கள் அதனோடு சேர்க்கப்பட்டன. அவற்றுள் 25 கிராமப் பஞ்சாயத்துகள். நேற்று வரை பஞ்சாயத்து வீட்டுவரி கட்டியவர்கள் மாநகராட்சிச் சொத்துவரி கட்டுகிறவர்களாயினர். இரண்டாவது, படிப்படியாக வரி விதித்தல் என்பது பட்டணத்திற்கு மட்டும் உரிய காரியமன்று. பஞ்சாயத்து வரியிலும், மின்சாரக் கட்டணத்திலும், நம் சங்கத்தில் விதிக்கும் சந்தாவிலும் படிகள் வரும். படி எவ்வாறு அமைந்தால் நியாயம், எவ்வாறு அமைந்தால் அநியாயம் என்பதை ஒருமுறை தெளிவாகக் கற்றுக்கொண்டால் எங்கும் உதவும்.

1. கேள்வி எழுந்த விதம்

தென்சென்னையில் ஒரு வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வேலை முடிந்து எழுந்திருக்கும் சமயத்தில் வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் இரண்டு வரி ரசீதுகளைக் கொண்டுவந்து மேஜையின்மேல் வைத்தார். ஒன்று அவருடையது; மற்றொன்று அடுத்த வீட்டாருடையது.

"ஐயா, எங்கள் இருவர் வீட்டிற்கும் நடுவே ஒரே சுவர். தெரு ஒன்று, கட்டிய ஆண்டு ஒன்று. அவர் வீடு 600 சதுர அடி. என் மனைவிக்குச் சமையலறை போதவில்லை என்று பின்புறம் சற்று இழுத்துக் கட்டினேன். என் வீடு 612 சதுர அடி ஆயிற்று. முன்பெல்லாம் எங்கள் வரியில் அற்ப வித்தியாசமே இருந்தது. இப்பொழுது அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார், நான் மாத்திரம் தவிக்கிறேன். இந்தப் பன்னிரண்டு சதுர அடிக்கு இத்தனை விலையா?" என்றார்.

அப்பொழுது நான் தக்க விடை கூறவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே அவர் மனத்தாங்கலின் காரணம் விளங்கிற்று. அந்தக் கணக்கையே இங்கே விவரிக்கிறேன்.

2. வரி கணக்கிடப்பட்ட முறை

சென்னையில் 1998-ஆம் ஆண்டு பொதுச் சீராய்வு நடந்தது. அதன்பின் 2022 வரை நடைமுறையில் இருந்த முறை பின்வருமாறு.

ஒவ்வொரு தெருவிற்கும் சதுர அடி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை விகிதம் குறிக்கப்பட்டிருந்தது. குடியிருப்பு வீடுகளுக்கு அது 60 பைசா முதல் 2 ரூபாய் 40 பைசா வரையிலும், குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரையிலும் இருந்தது. வீட்டின் கட்டடப் பரப்பை இவ்விகிதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு கிடைக்கும். அதனைப் பன்னிரண்டால் பெருக்காமல் 10.92-ஆல் பெருக்குவர். ஆண்டு மதிப்பில் பத்தில் ஒரு பங்கு நிலத்திற்கென்று ஒதுக்கி, மீதமுள்ள கட்டடப் பங்கில் பத்தில் ஒன்றைப் பழுது பார்க்கும் செலவிற்காகக் கழிப்பதே இதற்குக் காரணம். நூற்றுக்கு 9 கழிந்து 91 நிற்கும். வந்த தொகை ஆண்டு வாடகை மதிப்பு எனப்படும்.

இந்த ஆண்டு மதிப்பின்மேல் அரையாண்டு வரி நான்கு படிகளாக விதிக்கப்பட்டது. பொது வரி, கல்வி வரி, நூலக வரி யாவும் சேர்த்து அப்படிகள் வருமாறு:

ஆண்டு மதிப்பு 500 ரூபாய் வரை: நூற்றுக்கு 6.62
501 முதல் 1,000 வரை: நூற்றுக்கு 9.92
1,001 முதல் 5,000 வரை: நூற்றுக்கு 11.02
5,000-க்கு மேல்: நூற்றுக்கு 12.40

சொந்தக்காரர் தாமே குடியிருந்தாலும், கட்டடம் பழையதானாலும் சில கழிவுகள் உண்டு. கணக்கு எளிதில் விளங்கும்பொருட்டு அவற்றை இங்கே விட்டுவிடுகிறோம்.

3. படி இருந்தும் பயனில்லாமற் போன கதை

மேலே கண்ட அட்டவணையைப் பார்ப்பவர், ஏழைக்கு 6.62, செல்வர்க்கு 12.40, நல்ல ஏற்பாடுதானே என்று எண்ணக்கூடும். ஆனால் கையில் பென்சிலை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். நகரிலேயே மிகக் குறைந்த விகிதமான 60 பைசாத் தெருவில், ஆண்டு மதிப்பு 500 ரூபாய்க்குள் அடங்க வேண்டுமானால் வீடு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? 76 சதுர அடி! கழிவுகள் யாவற்றையும் சேர்த்துக்கொண்டாலும் 150 சதுர அடிக்கு மேற்படாது. அது வீடன்று, ஓர் அறை.

கடைசிப் படியைப் பாருங்கள். சதுர அடிக்கு ஒன்றரை ரூபாய் விகிதமுள்ள தெருவில் 306 சதுர அடி வீடே 5,000 ரூபாய் எல்லையைத் தாண்டிவிடும். மிக உயர்ந்த விகிதமுள்ள தெருவில் 191 சதுர அடியிலேயே தாண்டிவிடும். ஆகவே, மயிலாப்பூர் மாடவீதிகளை அடுத்த சந்தில் ஓரறை வீட்டில் வசிப்பவரும், தியாகராய நகரில் மாளிகை வைத்திருப்பவரும் அநேகமாக ஒரே மேற்படியில் நின்றனர். ஏணி சுவரில் சார்த்தியிருந்தது. ஆனால் கீழ்ப்படிகளில் கால் வைக்க ஆளில்லை.

இது எவரும் வேண்டுமென்று செய்த தீங்கன்று. எல்லைகளை ரூபாயில் குறித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால், வாடகையும் விலைவாசியும் ஏற ஏற, சிறியவர்களும் மேற்படிக்குத் தள்ளப்படுவார்கள். நம் சங்கத்தில், "100 ரூபாய்க்குக் குறைந்த கடனுக்குச் சலுகை வட்டி" என்று பழைய காலத்தில் எழுதிய துணைவிதி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்று அச்சலுகையைப் பெறுபவர் யார்? ஒருவருமில்லை. விதி மாறவில்லை, காலம் மாறிற்று.

4. 2022-ஆம் ஆண்டின் புதிய படிகள்

1998-க்குப் பின் சென்னையில் வரி நெடுங்காலம் உயரவில்லை. 2018-இல் உயர்த்தி, 2019 நவம்பரில் அவ்வுயர்வை நிறுத்திவைத்தனர். ஸ்தல ஸ்தாபனங்கள் மத்திய மானியம் பெற வேண்டுமானால் சொத்துவரியைக் காலத்திற்கேற்பச் சீர்செய்ய வேண்டும் என்று பதினைந்தாவது நிதிக் கமிஷன் நிபந்தனை விதித்திருந்தது. அதனையும் ஒரு காரணமாகக் காட்டி 2022 ஏப்ரலில் தமிழக அரசு புதிய உயர்வை அறிவித்தது. இம்முறை எல்லைகள் ரூபாயில் அல்லாமல் சதுர அடியில் வகுக்கப்பட்டன. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகியவை அடங்கிய பழைய நகரப் பகுதியில் குடியிருப்புகளுக்கு ஏற்பட்ட உயர்வு இது:

600 சதுர அடி வரை: நூற்றுக்கு 50
601 முதல் 1,200 வரை: நூற்றுக்கு 75
1,201 முதல் 1,800 வரை: நூற்றுக்கு 100
1,800-க்கு மேல்: நூற்றுக்கு 150

2011-இல் சேர்ந்த பகுதிகளில் இவ்வுயர்வு முறையே 25, 50, 75, 100 என்று குறைவாக வைக்கப்பட்டது. முன்பு கிராமமாக இருந்த இடங்களில் வசதிகள் பின்னரே வந்தன. ஆதலால் அவ்வேற்பாடு தக்கதே.

இதில் பாராட்டத்தக்க அம்சங்கள் இரண்டு உண்டு. பெரிய வீட்டிற்குப் பெரிய உயர்வு, சிறு வீட்டிற்குச் சிறு உயர்வு என்பது ஒன்று. மற்றொன்று பலர் கவனியாதது. ரூபாய் எல்லையைப் போலச் சதுர அடி எல்லை விலைவாசியால் கரைந்துபோவதில்லை. 600 சதுர அடி இன்னும் முப்பது ஆண்டு கழித்தும் 600 சதுர அடியே. பழைய படிகளுக்கு நேர்ந்த கதி இப்படிகளுக்கு நேராது.

உயர்வு கடுமை என்று பலர் முறையிட்டனர். அதனையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 24 ஆண்டுகளில் நூற்றுக்கு 50 என்பது, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறியிருந்தால், ஆண்டுக்கு நூற்றுக்கு 2-க்கும் குறைவே ஆகும். நூற்றுக்கு 150 என்பதும் ஆண்டுக்கு 4-க்கு உட்பட்டதே. நெடுநாள் தவணை கேளாமல் விட்டு ஒருநாள் மொத்தமாகக் கேட்டால் கடன்காரன் திகைப்பது இயல்பு. சங்கத்து வசூலில் நாம் கண்ட அனுபவம் இதுவேயன்றோ? தாமதத்தின் பாரம் மாதச் சம்பளத்தில் எண்ணிச் செலவழிக்கும் சிறு குடும்பத்தின்மேலேயே அதிகமாக அழுத்தும்.

5. பன்னிரண்டு சதுர அடியின் விலை

இனி அம்முதியவரின் ரசீதுகளுக்கு வருவோம். அவர் தெருவின் விகிதம் ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த வீடு, 600 சதுர அடி: மாத மதிப்பு 900 ரூபாய், ஆண்டு மதிப்பு 9,828, பழைய அரையாண்டு வரி சுமார் 1,219 ரூபாய். நூற்றுக்கு 50 உயர்ந்து 1,828 ரூபாய்.

முதியவர் வீடு, 612 சதுர அடி: மாத மதிப்பு 918 ரூபாய், ஆண்டு மதிப்பு சுமார் 10,025, பழைய அரையாண்டு வரி சுமார் 1,243 ரூபாய். நூற்றுக்கு 75 உயர்ந்து 2,175 ரூபாய்.

முன்பு இருவருக்கும் வித்தியாசம் 24 ரூபாய். இப்பொழுது 347 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 695 ரூபாய். சமையலறையைப் பன்னிரண்டு சதுர அடி நீட்டியதற்காக அவர் தம் வீட்டின் 612 சதுர அடிக்கும் உயர்ந்த விகிதத்தில் செலுத்துகிறார். எல்லையைத் தாண்டிய பாகத்திற்கு மட்டும் அன்று. தாண்டாத 600 சதுர அடிக்கும் சேர்த்தேயாம். இதுவே அவர் மனத்தாங்கலின் வேர்.

இதனைத் திருத்துவது கடினமன்று. வருமான வரியில் முதற்படிக்குள் அடங்கிய வருமானத்திற்கு முதற்படி விகிதமே. மேற்படி விகிதம் மிஞ்சிய தொகைக்கு மாத்திரமே. அவ்வாறே இங்கும் முதல் 600 சதுர அடிக்கு 50 உயர்வு, மிஞ்சிய 12 சதுர அடிக்கு 75 உயர்வு என்று வைத்தால், முதியவர் வரி சுமார் 1,871 ரூபாய் ஆகும். அடுத்த வீட்டாரைவிட 43 ரூபாய் அதிகம். இதைக் கேட்டால் அவர் முணுமுணுக்கமாட்டார். அதிக இடம் அனுபவிக்கிறேன், அதிகம் கொடுக்கிறேன் என்பார். மாநகராட்சிக்கு இதனால் ஏற்படும் குறைவைப் பெரும் படிகளின் விகிதத்தைச் சிறிது உயர்த்தி ஈடுசெய்யலாம்.

எல்லையில் இவ்வாறு செங்குத்தான மேடு இருப்பதால் இன்னொரு கேடும் உண்டு. 598 சதுர அடி என்று எழுதிவிட்டால் போதும் என்ற ஆசை வீட்டுக்காரருக்கும், அளக்க வருபவருக்கும் தோன்றும். மேட்டைச் சரிவாக்கிவிட்டால் பொய்க்கு லாபமில்லை.

6. பிற இடங்களின் அனுபவம்

பம்பாய் நகரில், இன்று மும்பை என்று வழங்குவதில், 500 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்குச் சொத்துவரியை 2022-இல் நீக்கிவிட்டனர். சிறு குடித்தனக்காரருக்கு அது பெரும் ஆறுதல். ஆயினும் அங்கும் 500-க்கும் 501-க்கும் நடுவே மேடு நிற்கிறது.

இங்கிலாந்தில் 1993 முதல் வீடுகளை எட்டுப் படிகளாகப் பிரித்து வரி வாங்குகிறார்கள். 1991 ஏப்ரலில் வீடு என்ன விலை பெற்றிருக்கும் என்பதே அளவு. 40,000 பவுன் வரை முதற்படி; 3,20,000 பவுனுக்கு மேல் கடைசிப்படி. கடைசிப்படி வீட்டின் விலை முதற்படி வீட்டினதைப் போல எட்டு மடங்குக்கு மேல். ஆனால் அவ்வீட்டின் வரியோ மூன்று மடங்கே. மேலும் அந்த 1991 மதிப்பே இன்றளவும் அங்கே கணக்கில் உள்ளது. ஊரெங்கும் விலைகள் மாறியும் மறுமதிப்பு செய்யத் துணிவார் இல்லை. படிகளை அமைப்பது எளிது. பேணுவது அரிது என்பதற்கு இது சான்று.

7. நியாயப் படிக்கு மூன்று இலக்கணங்கள்

மேற்கூறியவற்றிலிருந்து நாம் அறியத்தக்க இலக்கணங்கள் மூன்று.

முதலாவது, எல்லைகள் காலத்தால் கரையலாகாது. ரூபாயில் வகுத்தால் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லையையும் நகர்த்த வேண்டும். வரியும் சிறுகச் சிறுக ஏற வேண்டும். சென்னையில் 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டு முதல் நூற்றுக்கு 6 உயர்வு விதிக்கப்பட்டது. சிறு உயர்வு பேருயர்வைவிட நன்று. ஆயினும் ஆண்டுதோறும் 6 வீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் வரி இருமடங்காகும் என்பதையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, எல்லையைத் தாண்டியவர் தாண்டிய அளவிற்கே கூடுதல் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, இடத்தின் அளவோடு மனிதரின் சக்தியும் கருதப்பட வேண்டும். மயிலாப்பூரில் முன்னோர் விட்டுச்சென்ற 1,300 சதுர அடி ஓட்டு வீட்டில், பென்ஷன் ஒன்றையே நம்பி ஒரு மூதாட்டி தனித்து வாழ்வதாக வைத்துக்கொள்வோம். அளவுப்படி அவருக்கு நூற்றுக்கு 100 உயர்வு. அதே தெருவில் 590 சதுர அடிப் புது அடுக்ககத்தை வாங்கி, நல்ல சம்பளம் பெறும் இளைஞருக்கு 50 மட்டுமே. சதுர அடி எளிய அளவுகோல். பொய் சொல்லாத அளவுகோல். ஆனால் பணப்பையைப் பார்க்கத் தெரியாத அளவுகோல். இத்தகையோர் மனுச் செய்துகொண்டால் தவணையோ சலுகையோ அளிக்க ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

சிறு வீட்டிற்கு வரியே வேண்டாம் என்னும் கட்சியாரும் உளர். என் அபிப்பிராயம் வேறு. நம் சங்கத்தில் பங்குத்தொகை சிறிதாயினும் அதைச் செலுத்தியவரே அங்கத்தினர். செலுத்தியதால் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிறார். அவ்வாறே சிறு வீட்டுக்காரர் சிறு தொகையேனும் செலுத்தி, "என் தெரு விளக்கு எங்கே?" என்று தலைநிமிர்ந்து கேட்பதே நலம். ஆனால் அத்தொகை சிறிதாகவே இருக்க வேண்டும்.

8. அங்கத்தினர் செய்யத்தக்கவை

நகரில் வீடுள்ள அங்கத்தினரும், அங்கே பிள்ளைகள் வீடு வைத்திருப்போரும் பின்வருவனவற்றைக் கவனிப்பாராக.

வரி நோட்டீசில் கண்ட கட்டடப் பரப்பை வீட்டை அளந்து ஒத்துப் பாருங்கள். 600, 1,200, 1,800 ஆகிய எல்லைகளுக்கு அருகில் உள்ளவர்கள் இதில் விசேஷ கவனம் செலுத்த வேண்டும். குடியிருப்பு வீடு கடையென்று தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால், வாயால் முறையிடுவதோடு நில்லாமல், அளவு விவரத்துடன் குறித்த காலத்திற்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் செலுத்துவோர்க்கு நூற்றுக்கு 5 வீதம், 5,000 ரூபாய் வரம்பிற்குள், ஊக்கத்தொகை உண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் இதை நினைவிற் கொள்ளுங்கள்.

தனி ஒருவர் குரலைவிடச் சங்கத்தின் குரல் வலிது. அடையாறு காந்தி நகர் ஒரு கூட்டுறவு வீடுகட்டும் சங்கத்தின் முயற்சியால் உருவான குடியிருப்பு. ஒன்று கூடி வீடு கட்ட முடிந்தவர்களுக்கு, ஒன்று கூடி நியாயமான வரிப்படி கேட்கவும் முடியும். எல்லைக்கருகில் உள்ள வீடுகளின் கணக்கை ஒரு தாளில் எழுதி, அதனோடு தீர்மானத்தை வார்டு கவுன்சிலருக்கு அனுப்பினால், கூச்சலைவிட அது அதிகப் பயன் தரும்.

9. கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

அ. 1,200 சதுர அடி வீடு ஒன்று, 1,210 சதுர அடி வீடு ஒன்று. விகிதம் ஒன்றரை ரூபாய். 2022 உயர்வின்படி இரண்டிற்கும் அரையாண்டு வரி என்ன? மிஞ்சிய அளவிற்கு மட்டும் மேற்படி விகிதம் என்றால் வித்தியாசம் எவ்வளவு குறையும்?

ஆ. நம் சங்கத் துணைவிதிகளில் ரூபாயில் குறித்த பழைய எல்லைகள் எவையேனும் உளவா? அவை இன்றும் சிறியவர்களுக்குப் பயன்படுகின்றனவா?

இ. நம் பஞ்சாயத்து நாளை நகரத்தோடு சேர்க்கப்படுமானால், வரிப்படி குறித்து முதலில் என்ன கேட்போம்?

அம்முதியவருக்கு இக்கணக்கு முழுவதையும் எழுதி அனுப்பினேன். அதனால் அவர் வரி ஒரு காசும் குறையவில்லை. ஆனால் அடுத்த பொதுக்கூட்டத்தில் அவர் அதனை வாசித்தார் என்றும், பக்கத்து வீட்டுக்காரரே தீர்மானத்தை முன்மொழிந்தார் என்றும் அச்சங்கத்துக் காரியதரிசி எழுதியிருந்தார். தமக்கு லாபமான படியில் நிற்பவர் அடுத்தவருக்காக எழுந்து பேசுவதே கூட்டுறவு.